கணக்குப் புத்தகத்தை இளையோரிடம் கொடுங்கள்: இராமநாதபுரம் கடற்கரை ஊர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருவிழாவுக்குப் பந்தல் போடவும், நாற்காலி அடுக்கவும், அன்னதானப் பந்தியில் பரிமாறவும், கந்தூரிக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும், புயல் எச்சரிக்கை வந்த இரவில் படகுகளைக் கரையேற்றவும் இளைஞர்களை அழைக்காத ஊர் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை இருக்காது. அதே திருவிழா முடிந்து வரவு செலவு வாசிக்கும் கூட்டத்தில் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் வாசலுக்கு வெளியே நிற்பார்கள். பெண்பிள்ளைகளை அங்கேயும் காண முடியாது. உழைக்க மட்டும் அழைத்து, முடிவெடுக்கும்போது ஒதுக்கிவைத்தால் பிள்ளைகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் விலகிவிடுகிறார்கள். அதன்பின் இந்தத் தலைமுறைக்குப் பொது அக்கறை இல்லை என்று நாம் வருந்துகிறோம்.

ஊர் நிர்வாகிகள், ஜமாஅத் பொறுப்பாளர்கள், தேவாலயப் பங்குப் பேரவையினர், மகளிர் குழுத் தலைவிகள், ஆசிரியர்கள், சிறு தொண்டு நிறுவனம் நடத்துவோர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். பல ஆண்டுகள் இந்தக் கரையில் இளையோர் குழுக்களோடு வேலை செய்து நான் கற்றது ஒன்றுதான்: ஊர்ப்பணத்தில் ஒரு சிறு பங்கையாவது, அதன் முடிவோடும் கணக்கோடும் சேர்த்து, இளையோர் கையில் ஒப்படைத்தால் தலைமைக் குணம் தானாக வளரத் தொடங்கும். பயிற்சி முகாம்களும் சான்றிதழ்களும் அதற்குப் பிறகு வர வேண்டியவை.

முதலில் பெரியவர்கள் கூடிப் பேசுங்கள்

இளையோரை அழைப்பதற்கு முன் பெரியவர்கள் ஒருநாள் உட்கார்ந்து, எந்த அதிகாரத்தை விட்டுக்கொடுக்கப் போகிறோம் என்பதை எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். தலைக்கட்டு வரியிலோ, திருவிழா மிச்சத்திலோ, அறக்கட்டளை நிதியிலோ ஒரு குறிப்பிட்ட தொகையை ஒதுக்கி, அதை எதற்குக் கொடுப்பது என்பதை இளையோர் குழுவே தீர்மானிக்கும் என்றும், சட்டத்துக்குப் புறம்பானதோ ஒருவருக்குத் தீங்கு தருவதோ அல்லாத எந்த முடிவையும் ஊர் மாற்றாது என்றும் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யுங்கள். வாய்வார்த்தை இங்கே போதாது.

இதைச் சொல்லும் அளவுக்கு நான் பட்டிருக்கிறேன். ஒரு கடற்கரை ஊரில் இருபதாயிரம் ரூபாயை இளையோர் குழுவிடம் கொடுத்தோம். பள்ளியில் பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்குக் கதவும் குப்பைத் தொட்டியும் கண்ணாடியும் வாங்க அவர்கள் முடிவு செய்தார்கள். பெரியவர்களுக்கு அது அற்பமாகப் பட்டது; பணம் மெல்லத் திருவிழா அலங்கார வளைவுக்குத் திரும்பியது. அந்தக் கூட்டத்தில் பெரியவர்கள் வரிசையில் நானும் உட்கார்ந்திருந்தேன், எதிர்த்துப் பேசவில்லை. அடுத்த மாதக் கூட்டத்துக்குப் பதினோரு பேரில் இரண்டு பேர் மட்டுமே வந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் நம்பிக்கையைத் திரும்பப் பெற ஓராண்டுக்கு மேல் ஆனது.

கொடை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பதினேழாம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த வணிகர் சீதக்காதி உமறுப்புலவரை ஆதரித்தவர். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்ற பேச்சு இன்றும் ஊர் வாயில் இருக்கிறது. விவேகானந்தர் 1893-இல் சிகாகோ செல்ல ஊக்கமும் உதவியும் தந்தவர்களில் முதன்மையானவர் இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. அவர் பிறந்தது 1868-இல். எனவே அந்த உதவியைச் செய்தபோது அவருக்கு வயது இருபத்தைந்தைத் தாண்டவில்லை. அதே சேதுபதியின் காலத்தில்தான் ஜமீன் பெருங்கடனிலும் ஆழ்ந்தது. இளம் வயதிலேயே கொடுக்கும் மனம் வரும் என்பதற்கும், கொடைக்குக் கணக்கு வேண்டும் என்பதற்கும் இந்த ஒரே வாழ்க்கை சான்றாக நிற்பதால், முதல் கூட்டத்தில் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்வது என் வழக்கம்.

குழுவைச் சேர்ப்பதும் நாள் பார்ப்பதும்

பதினைந்து வயது முதல் இருபத்துநான்கு வயது வரையிலான பன்னிரண்டு பேர் போதும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பதை விதியாகவே வையுங்கள். விருப்பமாக வைத்தால் முதல் மாதத்திலேயே அது காற்றில் போய்விடும். கல்லூரி செல்பவர்கள் மட்டும் போதாது; படகுக்குப் போகும் ஒருவர், கருவாடு காயவைக்கும் வீட்டுப் பெண் ஒருவர், சாயல்குடிப் பக்கமானால் பனைத் தொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளை ஒருவர், பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திய ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்த மாணவர்கள் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரச் சேவை செய்கிறார்கள். அவர்களில் சிலரைக் கேட்டால் அந்த உழைப்புக்குச் சொந்த ஊரிலேயே ஒரு களம் கிடைக்கும். பதினெட்டு நிறையாதவர்களுக்குப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைப் பெறுங்கள். அதற்காக வீட்டுக்கு நேரில் செல்லுங்கள், தாளை மட்டும் அனுப்பாதீர்கள்.

கூட்ட நாளைக் கடலும் பள்ளியும் வழிபாடும் சேர்ந்துதான் தீர்மானிக்க வேண்டும். பாக் நீரிணைப் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கும் மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கும் என்று பிரிந்திருப்பதால், இரு தரப்புப் பிள்ளைகளும் கரையில் இருக்கும் நேரத்தைக் கேட்டறிந்துதான் நாள் குறிக்க முடியும். விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். அந்த இரண்டு மாதங்களில் ஆட்கள் ஓய்வாக இருப்பார்கள், ஆனால் வீட்டில் பணம் இருக்காது. எனவே ஊரைக் கேட்டறிதல், பயிற்சி, திட்டமிடல் ஆகியவற்றை அப்போது செய்யுங்கள். வசூலை மட்டும் அப்போது செய்யாதீர்கள். மார்ச் மாதத் தேர்வுகளையும், ஐப்பசி கார்த்திகை வாடைக் காலத்தையும், ஆண்டுதோறும் ஏறத்தாழ பதினோரு நாள் முன்னே வரும் ரமலானையும் நாள்காட்டியில் முதலிலேயே குறித்துவிடுங்கள்.

கூட்டம் நடக்கும் இடத்தையும் யோசியுங்கள். கோயில் மண்டபத்தில் கூடினால் சிலர் வரத் தயங்குவார்கள். பள்ளிவாசல் வளாகத்திலோ தேவாலய அரங்கிலோ கூடினால் வேறு சிலர் தயங்குவார்கள். அரசுப் பள்ளி வகுப்பறை எல்லோருக்கும் பொது. மாலை ஆறு மணிக்கு முன் முடித்துவிட்டால் பெண்பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் அஞ்சமாட்டார்கள்.

ஊரைக் கேட்டறிதல்

குழு கூடியதும் பணத்தைப் பற்றிப் பேச வேண்டாம். மூன்று வாரம் ஊரை நடந்து கேட்கட்டும். இரண்டிரண்டு பேராகச் சென்று, ஒவ்வொரு இணையும் பத்து வீடுகளில் மூன்றே கேள்விகள் கேட்டால் போதும்: இந்த வீட்டில் நேரம் எதில் வீணாகிறது, பணம் எதில் வீணாகிறது, ஊரில் யாரிடம் உதவி கேட்கக் கூச்சமாக இருக்கிறது. மூன்றாவது கேள்விதான் மற்ற கேள்விகளைவிட அதிகம் சொல்லும். குடத்தோடு வரிசையில் நிற்பவர்களைக் குடிநீர்க் குழாயடியிலேயே போய்க் கேட்பதும், கடல்பாசி எடுத்துத் திரும்பும் பெண்களைக் கரையிலேயே காத்திருந்து கேட்பதும் வீட்டுத் திண்ணையில் கேட்பதைவிட நல்லது.

கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இளையோர் வெளியூரிலிருந்து வரும் பேச்சாளர்களிடம் தேடும் தலைமை இங்கேயே இருக்கிறது. பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் போன்ற ஊர்களின் பெண்கள், மன்னார் வளைகுடாவில் பாசி குறைவதைத் தாங்களே கண்டு, எடுக்கும் நாட்களைத் தாங்களே கூடிப் பேசிக் குறைத்துக்கொண்டார்கள். வனத்துறையோடு பேச்சு நடத்தினார்கள். அவர்களை வழிநடத்திய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-இல் சீகாலஜி என்ற உலக அளவிலான விருது கிடைத்தது. தன் வருமானத்தைக் கட்டுப்படுத்தும் விதியைத் தானே முன்மொழிந்து, அதற்கு மற்றவர்களையும் ஒப்பவைப்பது எவ்வளவு கடினம் என்பதை அத்தகைய பெண்களிடம் பிள்ளைகள் ஒரு மாலை உட்கார்ந்து கேட்டால், அது பத்து வகுப்புக்குச் சமம்.

கேட்டவற்றை ஒரு பெரிய தாளில் ஊர் வரைபடமாக வரைந்து, ஊர்க்கூட்டத்தில் பிள்ளைகளே விளக்க வேண்டும். பதினெட்டு நிறைந்தவர்கள் கிராம சபையிலும் அதைப் பேசலாம். தமிழ்நாட்டில் இப்போது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அரசு செய்ய வேண்டிய பணியை ஊர் நன்கொடையால் செய்து முடித்துவிட்டு ஓய்வது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. குழாய் பழுதென்றால் மனு எழுதக் கற்பதுதான் முதல் தொண்டு. குடம் வாங்கித் தருவது அதற்குப் பின் வர வேண்டியது.

சிறு நிதி: இந்த வழிகாட்டியின் மையம்

ஆண்டுக்கு முப்பதாயிரம் ரூபாய் இருந்தால் தொடங்கலாம். அதை மூன்று சுற்றாகப் பிரித்து, ஒரு கோரிக்கைக்கு அதிகபட்சம் மூவாயிரம் என்று வரம்பு வையுங்கள். தொகை சிறியதாக இருப்பது குறையல்ல. முடிவு தவறினாலும் ஊர் தாங்கும், பிள்ளைகளும் தாங்குவார்கள்.

அந்த முப்பதாயிரத்தில் ஐயாயிரத்தையாவது குழுவினரே திரட்டட்டும். தங்கள் பணமும் கலந்திருக்கும்போது அவர்கள் கேட்கும் கேள்விகளின் கூர்மை மாறுவதை நான் ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன். மாதம் இருபது ரூபாய் சந்தா, வீடுகளில் உண்டியல், பழைய வலையும் பிளாஸ்டிக்கும் சேர்த்து விற்பது என்று வழிகள் உண்டு. மொய் எழுதும் பழக்கத்தையே இதற்குத் திருப்பலாம்: விசேஷ வீட்டில் ஊர்ப்பிள்ளைகள் நிதி என்று தனியாக ஒரு நோட்டு வைத்து, கொடுப்பவர் பெயரையும் தொகையையும் எழுதி, ஆண்டு முடிவில் அந்தப் பணம் எங்கே போனது என்பதை அதே வீட்டாருக்குச் சொல்லுங்கள்.

கோரிக்கை கேட்கும் முறை எளிதாக இருக்க வேண்டும். ஒரு பக்கத் தாள் போதும்; எழுதப் படிக்கத் தெரியாதவர் வாயால் சொல்லக் குழுவினர் எழுதிக்கொள்ள வேண்டும். என்ன தேவை, யாருக்கு, எவ்வளவு, கோருபவர் தன் பங்காக எதைத் தருவார், முடிந்தபின் எப்படிக் காட்டுவார் என்பவை அதில் இருந்தால் போதும். அறிவிப்பைப் பள்ளியிலும் மீன் ஏலம் நடக்கும் இடத்திலும் ரேஷன் கடையிலும் ஒட்டுங்கள். பாம்பனில் 2016 முதல் ஒலிக்கும் 90.4 கடல் ஓசை போன்ற சமூக வானொலி கேட்கும் எல்லைக்குள் உங்கள் ஊர் இருந்தால், அறிவிப்பை அங்கே கொடுத்துப் பாருங்கள். மீனவர்களுக்காக நடக்கும் வானொலி என்பதால், கடலில் இருப்பவர் காதுக்கும் சுவரொட்டி பார்க்காதவர் காதுக்கும் போய்ச் சேரும்.

கோரிக்கை வந்ததும் இருவர் நேரில் சென்று பார்க்க வேண்டும். ஒருவர் கேட்க, ஒருவர் எழுத வேண்டும். புகைப்படம் எடுப்பதற்கு முன் அனுமதி கேட்க வேண்டும். ஏழ்மையைக் காட்டும் படங்களைப் பொதுவில் போடுவதில்லை என்று குழு முதலிலேயே விதி எழுதிக்கொள்ள வேண்டும். கைநீட்டிக் கேட்டவரின் மானத்தைக் காப்பதும் கொடையின் பகுதி.

பிறகு முடிவுக் கூட்டம். அதில் பெரியவர் ஒருவர் மட்டும் இருக்கலாம். அவர் கேள்வி கேட்கலாம், கருத்துச் சொல்லக் கூடாது. குழுவினர் ஒவ்வொரு கோரிக்கையையும் பேசிவிட்டு, தனித்தனிச் சீட்டில் மதிப்பெண் எழுதட்டும். வாய்விட்டு வாக்கெடுத்தால் குரல் பெரியவனே வெல்வான், கூச்சமுள்ள பெண்ணின் கருத்து புதைந்துபோகும். நம் ஊர்களில் எல்லோரும் எல்லோருக்கும் மாமன் மச்சான், சித்தப்பன் பெரியப்பன் என்பதால், விண்ணப்பித்தவர் உறவினராக இருந்தால் அந்த உறுப்பினர் அதை முதலிலேயே சொல்லி, அந்தப் பேச்சு முடியும்வரை வெளியே இருக்க வேண்டும். அவர் வெளியே சென்றது தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட வேண்டும். இந்த ஒரு பழக்கத்தைப் பதினேழு வயதில் கற்றவர், நாளை கூட்டுறவுச் சங்கத்திலோ ஊராட்சியிலோ அமர்ந்தாலும் அதை மறக்கமாட்டார்.

மறுக்கப்பட்டவரிடம் காரணத்தை நேரில் சொல்வதும் குழுவின் வேலைதான். அது கடினமானது, பெரியவர்கள் அந்தச் சுமையைத் தாங்கள் வாங்கிக்கொள்ள ஆசைப்படுவார்கள். வாங்கிக்கொள்ளாதீர்கள், ஆனால் உடன் செல்லுங்கள்.

மூன்று மாதம் கழித்துக் கொடுத்த ஒவ்வொன்றையும் மீண்டும் சென்று பார்க்க வேண்டும். ஒரு குழு மாலைப் படிப்பு மையத்துக்குச் சூரிய விளக்கு வாங்கிக் கொடுத்தது. உப்புக்காற்றில் அதன் இணைப்புகள் துருப்பிடித்து இரண்டே மாதத்தில் அணைந்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் ஊர்க்கூட்டத்தில் எழுந்து, கடற்கரைக்கு ஏற்ற பொருளா என்று விசாரிக்காமல் வாங்கியது தங்கள் தவறு என்று சொன்னபோது, முன்வரிசைப் பெரியவர் ஒருவர் "தப்ப ஒத்துக்கிட்டுக் கணக்குச் சொன்ன கூட்டத்த இந்த ஊருல இப்பத்தான் பார்க்கிறேன் தம்பி" என்றார். அடுத்த சுற்றுக்கு ஊர் தானாகவே தொகையை உயர்த்தியது.

பணத்தின் ஒழுங்கு

குழு பெயரில் அல்லது குழுவைத் தன் கீழ் வைத்திருக்கும் தாய் அமைப்பின் பெயரில் தனி வங்கிக் கணக்கு வேண்டும். ஒருவருடைய சொந்தக் கணக்கிலோ கைப்பேசிச் செயலியிலோ ஊர்ப்பணம் ஒருநாளும் தங்கக் கூடாது. பணம் எடுக்க இருவர் கையெழுத்து வேண்டும், அவர்கள் ஒரே வீட்டாராக இருக்கக் கூடாது. பதினெட்டு நிறையாதவர் கையெழுத்திட முடியாவிட்டாலும் ரொக்கப் புத்தகம் எழுதலாம், எழுத வேண்டும். வரவுக்கு எண்ணிட்ட ரசீது, செலவுக்கு எண்ணிட்ட வவுச்சர், அன்றைய கணக்கு அன்றே எழுதுதல், மாத முடிவில் வங்கிப் புத்தகத்தோடு ஒப்பிடுதல் ஆகியவற்றைச் சிறுகடை நடத்தும் ஓர் அண்ணாச்சியோ ஓய்வுபெற்ற கூட்டுறவு ஊழியரோ நான்கு மாலைகளில் கற்றுக்கொடுத்துவிடுவார். மாதக் கணக்கை எல்லோரும் பார்க்கும் சுவரில் ஒட்டுங்கள்.

கொடுத்தவரின் நோக்கம் எதுவோ, பணம் அதற்கே போக வேண்டும். சகாத்தாக, அதாவது இஸ்லாமியர் கடமையாகத் தரும் தருமமாக, வந்த பணம் அதற்குரியவர்களுக்கே போக வேண்டும். அதில் கூட்டத்துக்குத் தேநீர் வாங்க முடியாது. எனவே சகாத், பொது நன்கொடை, கல்விக்கென்று தந்தது என ஒவ்வொன்றுக்கும் புத்தகத்தில் தனிப் பக்கம் வையுங்கள்.

பதிவும் சட்டமும்

முதல் ஆண்டிலேயே பதிவுக்கு ஓட வேண்டாம். ஏற்கெனவே பதிவான அமைப்பின் கீழ் ஒரு கிளைக் குழுவாக இருந்து பழகியபின் தனியாகப் பதியலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி சங்கம் அமைக்கக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். அறக்கட்டளையானால் ஆவணம் எழுதிச் சார்பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். சங்கத்தில் ஆண்டுதோறும் பொதுக்குழு கூடி நிர்வாகிகளை மாற்ற வழி இருப்பதால், இளையோரைத் தலைமைக்குக் கொண்டுவர அதுவே ஏற்றது என்பது என் கருத்து. அறக்கட்டளையில் அறங்காவலர்கள் நெடுங்காலம் நீடித்துவிடுகிறார்கள். நன்கொடையாளருக்கு வரிச்சலுகை வேண்டுமானால் 12ஏ, 80ஜி என்று வழக்கில் சொல்லப்படும் வருமானவரிப் பதிவுகள் தேவை. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தரும் தொகைக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் போன்ற ஊர்களுக்கு வளைகுடாவிலிருந்தும் மலேசியா சிங்கப்பூரிலிருந்தும் பணம் வருகிறது. இங்கே மிகுந்த கவனம் வேண்டும். வெளிநாட்டில் வேலை செய்யும் இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. ஆனால் அவர் சிங்கப்பூர்க் குடியுரிமையோ மலேசியக் குடியுரிமையோ பெற்றுவிட்டால், நம் ஊரில் பிறந்தவரே ஆனாலும், அவருடைய பணம் வெளிநாட்டு நன்கொடை (ஒழுங்குமுறை) சட்டம், 2010-க்குள் வரும். அந்தப் பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் அமைப்பு அதைப் பெறக் கூடாது. எனவே பணம் வாங்குமுன் குடியுரிமையைக் கேட்டு, அதை எழுத்தில் பெற்று, கடவுச்சீட்டு நகலோடு கோப்பில் வையுங்கள். மாமா அனுப்பியதுதானே என்று விட்டுவிட்டால், பின்னால் அதிகாரிகளுக்குப் பதில் சொல்லும் நிலை அந்த இளம் நிர்வாகிக்குத்தான் வரும்.

பொறுப்பில் அமர்த்துதல்

ஓராண்டு சிறுநிதியை நடத்தியவர்களில் இருவரைத் தாய் அமைப்பின் நிர்வாகக் குழுவுக்கு அழையுங்கள். ஒருவரை மட்டும் அழைத்தால் அவர் தனிமையில் பேச்சிழந்துவிடுவார். இருவருக்கும் கூட்டப் பொருளை ஒரு வாரம் முன்பே கொடுத்து, புரியாததைக் கேட்க ஒரு மூத்த உறுப்பினரைத் துணையாக வையுங்கள். கூட்டத்தில் அவர்கள் "தம்பி", "பாப்பா" என்று அழைக்கப்படுவதில் தவறில்லை, ஆனால் தீர்மானத்தில் அவர்களுடைய பெயர் முழுமையாக எழுதப்பட வேண்டும். அடுத்த ஆண்டு துணைச் செயலாளர், துணைப் பொருளாளர் பதவிகளை அவர்களுக்கென்றே ஒதுக்குங்கள். எந்தப் பதவியும் இரண்டு ஆண்டுக்கு மேல் ஒருவரிடம் இருக்கக் கூடாது என்ற விதி இளையோருக்கும் பெரியவர்களுக்கும் பொதுவாக இருக்கட்டும்.

வெளியூர் போகிறவர்கள் பற்றிய கவலை எல்லா ஊரிலும் உண்டு. மதுரைக்கோ சென்னைக்கோ படிக்கப் போனவரும், துபாய்க்கு வேலைக்குப் போனவரும் குழுவை விட்டு நீங்க வேண்டியதில்லை. கணக்குத் தணிக்கை, மனு எழுதுதல், பள்ளிப் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வழிகாட்டுதல் போன்றவற்றைக் கைப்பேசி வழியாகவே செய்யலாம். முன்னாள் மாணவர்களுக்கும் இடமுள்ள பள்ளி மேலாண்மைக் குழுவில் ஊரில் இருப்பவர் அமர்ந்தால், வெளியில் இருப்பவர் அவருக்குப் பின்பலமாக நிற்கலாம். திருமணமாகி அடுத்த ஊருக்குப் போகும் பெண்கள்தான் பெரிதும் தொலைந்துபோகிறார்கள். புகுந்த ஊரில் அவர்களைத் தேடிச் சென்று, அங்கே ஒரு குழு தொடங்க முதல் சுற்று நிதியைத் தாய்க் குழுவே தந்தது எங்கள் அனுபவத்தில் நல்ல பலன் தந்தது.

பாதுகாப்பு

பதினெட்டு நிறையாதவர்களோடு வேலை செய்யும் எந்தப் பெரியவரும் அவர்களைத் தனியாக அழைத்துச் செல்லக் கூடாது, தனிப்பட்ட இரவுநேரச் செய்திகள் அனுப்பக் கூடாது. குழந்தைக்குப் பாலியல் தீங்கு நேர்ந்ததாகத் தெரிந்தால் புகார் செய்வது 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி கட்டாயம். ஊர் மானம் என்று பேசி முடிப்பது குற்றம். குழந்தை உதவி எண் 1098 எல்லோருக்கும் தெரிய வேண்டும். கடற்கரைத் தூய்மைப் பணியைக் காலை ஒன்பது மணிக்குள் முடியுங்கள். 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளிலும் அனுமதியின்றி இறங்கக் கூடாது என்பதால், நல்லெண்ணத்தோடு குப்பை அள்ளக்கூடப் படகு எடுத்துச் செல்ல வேண்டாம்.

கைமாற்றம்

குழு மாறும் நாளில் பழைய பொருளாளரும் புதிய பொருளாளரும் எதிரெதிரே உட்கார்ந்து, ரொக்கப் புத்தகம், வங்கிப் புத்தகம், ரசீதுக் கட்டு, வவுச்சர் கோப்பு, தீர்மானப் புத்தகம், அலமாரிச் சாவி ஆகியவற்றை ஒவ்வொன்றாக எண்ணி, கையிருப்பை ஊர் முன்னிலையில் வாசித்துக் கையெழுத்திட வேண்டும். முடியாத வேலைகளின் பட்டியலையும், மறுக்கப்பட்ட கோரிக்கைகளின் காரணங்களையும் பழையவர் தம் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்கு ஒரு முழு மாலை ஒதுக்குங்கள். பிள்ளைகளின் பெற்றோரையும் அழையுங்கள்.